பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கருகல் வாடை: மூக்கில் தொடங்கி ஜாக்கி வரை

காரில் கருகல் வாடை வருகிறது என்றதும் "எப்போ வருது?" என்று திருப்பிக் கேட்கிற மெக்கானிக் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். "வண்டிய விட்டுட்டுப் போங்க, பாத்துக்கலாம்" என்கிறவர் பெரும்பாலும் ஆயில் சொட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பாகத்தை மாற்றிவிட்டு பில் நீட்டுவார். இரண்டு வாரத்தில் வாடை திரும்ப வரும். எனக்கும் ஒரு தடவை ஏறக்குறைய அப்படித்தான் ஆனது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் இருப்பது இங்கிலாந்தில். இங்கே பதினைந்து, இருபது வயதான ஸ்போர்ட்ஸ் கார் ஒரு சாதாரணக் குடும்பக் காரின் விலைக்கே கிடைத்துவிடும். மாஸ்டா எம்எக்ஸ்-5, போர்ஷே பாக்ஸ்டர், சுபாரு இம்ப்ரெஸா, பிஎம்டபிள்யூ இசட்4 ஆகியவற்றைத்தான் உதாரணமாகக் காட்டப் போகிறேன். ஊரில் செகண்ட் ஹேண்டில் ஆக்டேவியா ஆர்எஸ்ஸோ போலோ ஜிடிஐயோ வாங்கியவர்களுக்கும் தேடும் முறை இதுதான்.

இந்த வகைக் கார்களில் வாடைத் தொல்லை கொஞ்சம் கூடுதல்தான். தாழ்வான பானெட்டுக்குள் பெரிய என்ஜினைத் திணித்திருப்பார்கள். சூடான பைப்புக்கும் ரப்பர் ஹோஸுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளிதான் இருக்கும். டர்போ இருந்தால் கேட்கவே வேண்டாம். தரையோடு தரையாகப் போகும் உடம்பு என்பதால் ரோட்டில் கிடக்கிற குப்பையெல்லாம் அடியில் ஒட்டும். பாக்ஸ்டரில் என்ஜின் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, எட்டிப் பார்க்கக்கூட வழியில்லை. கூரையைத் திறந்து ஓட்டினால் இன்னொரு குழப்பம்: கண்ணாடிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், காருக்குப் பின்னால் இருக்கும் காற்று சுழன்று இருக்கைக்கு வரும். முன்னால் போகிற லாரியின் பிரேக் வாடையா, உங்கள் சைலன்சர் வாடையா என்று தெரியாமல் முழிப்பீர்கள்.

முதலில்: ஓட்டலாமா, நிறுத்தணுமா

கண்டுபிடிப்பதெல்லாம் அப்புறம். நான்கு நிலைமைகளில் உடனே ஓரங்கட்ட வேண்டும். எரியாத பெட்ரோல் வாடை அப்படியே அடித்தால். காருக்குள்ளேயே பிளாஸ்டிக் கருகும் வாடையோ புகையோ வந்தால். டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கிப் போனால். பிரேக் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போனால். சாவியை அணைத்து, எல்லோரும் இறங்கி, தள்ளிப் போய் நில்லுங்கள்.

பானெட்டின் ஓரத்திலிருந்து அடர்த்தியாகப் புகை வந்தால் பானெட்டைத் திறக்காதீர்கள். உள்ளே காற்று கிடைக்காமல் புகைந்துகொண்டிருக்கும் நெருப்புக்கு, நீங்கள் திறக்கிற அந்த நொடியில் காற்று கிடைத்துவிடும். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். ஒரு கிலோ ஏபிசி பவுடர் அணைப்பான் காரில் இருப்பது நல்லது. அது சின்ன நெருப்புக்குத்தான், வீரம் காட்டுவதற்கு இல்லை.

என்ஜின் ஆயில் சூடான பைப்பில் ஒரு சொட்டு விழுந்து புகைவது வேறு, பெட்ரோல் கசிவு வேறு. முதலாவதை வைத்து வீடு வரை மெதுவாகப் போகலாம். இரண்டாவதை வைத்து அடுத்த சிக்னல் வரைகூடப் போகக்கூடாது.

வாடைக்குப் பெயர் வைப்பது

"ஏதோ தீயுது" என்பது போதாது. நம் சமையலறையில் வளர்ந்த மூக்குக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. எந்தப் பண்டம் அடிப்பிடித்தது என்று அடுத்த அறையிலிருந்தே சொல்கிறவர்கள்தானே நாம்.

வடைச்சட்டியில் எண்ணெய் புகைந்துபோன காந்தல் வாடை, கூடவே தொண்டையைக் கமறும் காட்டம்: என்ஜின் ஆயில். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

வெல்லப்பாகு முறுகிய மாதிரி இனிப்பான வாடை என்றால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட். அதிலிருக்கும் கிளைக்கால் தரும் வாடை அது. ஒருமுறை தெரிந்துகொண்டால் மறக்காது.

பழைய செய்தித்தாள் கட்டை எரித்த மாதிரி, வறண்ட, மூக்கில் ஏறும் வாடை வந்தால் கிளட்ச். இதற்கு அண்ணன் தம்பி மாதிரி இருப்பது பிரேக் வாடை. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, கீழே டீக்கடையில் நிறுத்தியதும் சக்கரத்திலிருந்து வருமே, அந்த இரும்பும் ரசாயனமும் கலந்த வாடை. இரண்டையும் மூக்கால் மட்டும் பிரிப்பது கடினம். ஆனால் கிளட்ச் வாடை காரின் நடுவிலிருந்து வரும். பிரேக் வாடை ஏதாவது ஒரு சக்கரத்திலிருந்து வரும்.

அழுகிய முட்டை வாடைக்கு மூன்று காரணம் உண்டு, பலர் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒன்று, சைலன்சர் பைப்பில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர். இரண்டு, அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிற பேட்டரி. மூன்றாவதைத்தான் மறந்துவிடுவார்கள்: கியர் ஆயில். பற்சக்கரங்களின் அழுத்தத்தைத் தாங்குவதற்காக அதில் கந்தகம் சேர்ந்த ரசாயனம் கலந்திருப்பார்கள். பின் சக்கரம் இழுக்கும் கார்களில் கியர்பாக்ஸும், இரண்டு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் சைலன்சர் பைப்புக்குப் பக்கத்திலேயே இருப்பதால், கசிந்த ஆயில் பைப்பில் பட்டு நாறும்.

ரப்பர் வாடை என்றால் பெல்ட் அல்லது டயர். மீன் கவிச்சி கலந்த பிளாஸ்டிக் கருகல் என்றால் ஒயரிங். இதில் தாமதம் கூடாது.

எப்போது வருகிறது: ஒரு மணி நேரம் செலவழியுங்கள்

இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், காசு செலவில்லாததும் இதுதான். ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நின்று என்ஜின் நன்றாக ஆறியிருக்கும் காலை வேளையாக இருக்கட்டும். முந்தின ராத்திரியே காருக்கு அடியில் பெரிய அட்டையை விரித்து, முன் சக்கரங்கள் எங்கே இருக்கின்றன என்று பேனாவால் அதில் குறித்து வைத்துவிடுங்கள்.

காலையில் முதலில் அட்டையைப் பாருங்கள். பழுப்போ கறுப்போ என்றால் என்ஜின் ஆயில். சிவப்பு என்றால் ஆட்டோ கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டீயரிங் ஆயிலாக இருக்கலாம். பச்சை, ரோஸ், ஆரஞ்சு நிறத்தில் தண்ணீர் மாதிரி இருந்தால் கூலன்ட். அப்புறம் ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஏசி அணைந்திருக்கட்டும். ஸ்டார்ட் செய்த உடனே கீச்சென்ற சத்தத்தோடு ரப்பர் வாடை வந்தால் பெல்ட்டையும் அது சுற்றுகிற உருளைகளையும் பாருங்கள். ஏசி போட்டவுடன் மட்டும் வந்தால் கம்ப்ரஸர் இறுகியிருக்கலாம். ஹீட்டர் போட்டதும் இனிப்பு வாடை வந்து, முன் கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டம் படிந்தால் ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள் சூடான கூலன்ட் ஓடும் சின்ன ரேடியேட்டர்) கசிகிறது. முன் இருக்கைகளின் கால் வைக்கும் இடத்தில் கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள்.

அடுத்து இருபது நிமிடம் நிதானமாக ஓட்டுங்கள், பிரேக்கை முடிந்த அளவு தொடாமல். நிறுத்தி இறங்கி காரைச் சுற்றி வந்து ஒவ்வொரு சக்கரத்திடமும் குனிந்து முகர்ந்து பாருங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை. பிறகு நெடுஞ்சாலையில் பத்து நிமிடம் வேகமாக ஓட்டிவிட்டு சிக்னலில் நிற்பது போல நிறுத்தி என்ஜினை ஓடவிடுங்கள்.

ஓடும்போது இல்லாமல் நின்றதும் வருகிற வாடை மிக முக்கியமான தடயம். ஓடும்போது காற்று வாடையைப் பின்னால் தள்ளிவிடுகிறது. நின்றதும் புகை மேலே எழுந்து, முன் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே வரும். உள்காற்று சுற்றும் பட்டனை அழுத்திப் பாருங்கள். வாடை குறைந்தால் அது பானெட்டுக்கு அடியிலிருந்து வருகிறது. குறையவே இல்லையென்றால் காருக்குள்ளேயே இருக்கும் ஒயரிங், ஹீட்டர் ஃபேன், கியர் லீவர் உறை என்று தேட வேண்டும். பழைய எம்எக்ஸ்-5இல் கியர் லீவருக்கு அடியில் இருக்கும் ரப்பர் உறை கிழிந்துபோவது சகஜம். அந்த ஓட்டை வழியாக கியர்பாக்ஸ் சூடும் கியர் ஆயில் வாடையும் நேராக உங்கள் முழங்காலுக்கு வரும்.

சக்கரங்கள்

பானெட்டைத் திறக்கும் முன் சக்கரங்களை முடித்துவிடுங்கள், ஏனென்றால் சீக்கிரம் முடியும். டிஸ்க்கைக் கையால் தொடக்கூடாது. சாதாரண ஓட்டத்திலேயே 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். உள்ளங்கையை சக்கரத்திலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்து இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். தூரத்திலிருந்து சூடு காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் பளபளக்கும் உலோகத்தில் அது பொய் சொல்லும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில், முடிந்தால் பெயின்ட் அடித்த பகுதியில் குறிவையுங்கள். முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட சூடாக இருப்பது இயல்பு. முன் இடதும் முன் வலதும் பெரிதாக வேறுபட்டால்தான் கோளாறு.

ஒரு பக்கம் மட்டும் கொதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறவிட்டு, சமதளத்தில் ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது), சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசாக உரசலாம், இறுகி நிற்கக்கூடாது. இறுகியிருந்தால் யாரையாவது பிரேக்கை ஒருமுறை மிதித்து விடச் சொல்லிவிட்டு, காலிப்பரில் (பிரேக் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) இருக்கும் காற்று எடுக்கும் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள். துளி ஆயில் பீச்சிக்கொண்டு வந்து சக்கரம் விடுபட்டால், காலிப்பர் குற்றமில்லை. பிரேக் ஆயில் திரும்பிப் போக வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாக இருந்துகொண்டே உள்ளே வீங்கி ஒருவழிப் பாதை ஆகிவிடும். திருகைத் தளர்த்தியும் சக்கரம் விடவில்லையென்றால் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் பின்களோ துருப்பிடித்துவிட்டன. பின் சக்கரத்தில் இந்தத் தொல்லை என்றால் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பாருங்கள். மாதக்கணக்கில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திவைத்திருந்த வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும், வார இறுதிக் கார்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான்.

சிக்கிய பிரேக்கோடு ஓட்டியிருந்தால் பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். டாட் 4 ரக பிரேக் ஆயிலுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 டிகிரி. காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சிய பிறகு 155. கொதித்தால் மிதி உள்ளே போய்விடும்.

புது பேட் போட்டு முதல் சில நூறு கிலோமீட்டர் வாடை வந்தால் பயப்பட வேண்டாம். டயர் வாடை என்றால் ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி, சக்கரத்தின் மேல்வளைவில் உள்ள பிளாஸ்டிக்கில் உரசின தடம் இருக்கிறதா என்று பாருங்கள். முந்தின சொந்தக்காரர் ஸ்பிரிங்கை மாற்றி காரைத் தாழ்த்தியிருந்தால், இருவர் ஏறியதும் டயர் அங்கே தேய்க்கும்.

ஆயில்: சொட்டுகிற இடம் கசிகிற இடம் இல்லை

சரி, இப்போது பானெட். கடுமையாக ஓட்டும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் பைப்) எளிதாக 500 டிகிரிக்கு மேல் போகும். அதில் படுகிற எந்த ஆயிலும் புகையும். ஆக, ஆயில் எங்கிருந்து அங்கே வருகிறது என்பதுதான் கேள்வி. ஆயில் கீழ்நோக்கி இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் ஈரம் எங்கே அதிகமோ அங்கே தேடாமல், ஈரம் தொடங்குகிற மிக உயரமான, மிக முன்னாலிருக்கும் இடத்தைத் தேட வேண்டும்.

இதற்கு எம்எக்ஸ்-5 முதல் தலைமுறைக் கார் (1989இல் வந்தது) நல்ல பாடம். என்ஜினின் மேல்பாகமான ஹெட்டின் பின்பக்கம், காரின் தீத்தடுப்புச் சுவரை ஒட்டி, கேம் ஆங்கிள் சென்சார் செருகியிருக்கும். அதைச் சுற்றி ஒரு ஓ-ரிங், மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிய ரப்பர் வளையம். வருடங்கள் போனால் அது பிளாஸ்டிக் மாதிரி இறுகி, ஆயிலை விடும். ஆயில் ஹெட்டின் முதுகு வழியாக இறங்கி, என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் பெல் ஹவுசிங்கின் அடியில் சொட்டும். கீழே இருந்து பார்க்கிறவருக்கு அது அச்சு அசலாக கிராங்க் ஷாஃப்டின் (என்ஜினின் பிரதான சுழல்தண்டு) பின் சீல், அதாவது ஆயிலைத் தடுக்கும் வளையம், போன மாதிரிதான் தெரியும். பின் சீல் மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும், ஒரு நாள் கூலி. ஓ-ரிங்கோ ஒரு டீ, ஒரு வடை காசுதான். கை போகாத இடத்தில் இருப்பதால் முழங்கை தோல் உரிவது மட்டும் தனிச் செலவு. கழற்றும் முன் சென்சார் எந்தக் கோணத்தில் இருந்தது என்று ஒரு கீறல் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும், அதுதான் ஸ்பார்க் நேரத்தைத் தீர்மானிக்கிறது.

எப்படி உறுதி செய்வது? முதலில் கழுவுங்கள். ஆறிய என்ஜினில் டீகிரீசர் அடித்து, பிரஷ்ஷால் தேய்த்து, ஆல்டர்னேட்டரையும் ஒயர் இணைப்புகளையும் பிளாஸ்டிக்கால் மூடிவிட்டு மெதுவாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். காய்ந்ததும் சந்தேகப்படும் இடங்களில் டால்கம் பவுடரைத் தூவுங்கள். ஆமாம், முகத்துக்குப் போடுகிற அதே பவுடர்தான். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்தால் வெள்ளையில் ஆயில் கோடு தனியாகத் தெரியும். எட்டாத இடத்துக்குக் கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி வேண்டும். அப்படியும் பிடிபடவில்லையென்றால் ஆயிலில் கலக்கும் புற ஊதா சாயம் கடைகளில் கிடைக்கும். ஊற்றி, அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால் கசிவு மஞ்சள் பச்சையாக ஒளிரும். நூல் பிடித்த மாதிரி மேலே மேலே போய் மூலத்தைப் பிடித்துவிடலாம்.

பெரும்பாலும் அந்த நூல் டேப்பட் கவர் கேஸ்கெட்டில் (ஹெட்டின் மேல்மூடிக்கு அடியில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் பட்டை) முடியும். வீட்டிலேயே மாற்றலாம். என்ஜின் ஆறியிருக்கட்டும், பிளக் ஒயர்களை எந்த வரிசையில் இருந்தன என்று படம் எடுத்துவிட்டுக் கழற்றுங்கள். கவரைத் தூக்கி, பழைய கேஸ்கெட்டைப் பிடுங்கி, பள்ளத்தைத் துணியால் சுத்தமாகத் துடையுங்கள். புது கேஸ்கெட் வளைந்து ஏறுகிற மூலைகளில் மட்டும் கடுகளவு சிலிக்கோன் வையுங்கள். போல்ட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, இரண்டு மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். எம்எக்ஸ்-5இல் இதற்கு 10 நியூட்டன் மீட்டர்கூடத் தேவையில்லை. கசிகிறதே என்று பலம் போட்டு முடுக்கினால் கவர் நெளிந்து, முன்னைவிட அதிகமாகக் கசியும். பிளக் குழிகளில் ஆயில் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். தேங்கினால் ஸ்பார்க் தவறும். எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அங்கே எரியும். ஆயில் வாடையில் தொடங்கி முட்டை வாடையில் முடிகிற கதை அதுதான்.

மற்ற கார்களில் சந்தேகப்பட வேண்டிய இடங்களும் ஓரளவு தெரிந்தவையே. சுபாருவின் படுத்த என்ஜினில் டேப்பட் கவர்கள் இரண்டு பக்கமும் தாழ்வாக இருக்கும், அவற்றுக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் பைப். ஒரு சொட்டு கசிந்தாலும் பைப்பின் மேல்தான் விழும், சிக்னலில் நின்றதும் வாடை வரும். பாக்ஸ்டர் முதல் தலைமுறையில் (1996 முதல் 2004 வரை) பிளக் குழாய்களின் ஓ-ரிங்குகளும், பின் சீலும் கசிவதற்குப் பேர் போனவை. என்54 என்ஜின் உள்ள இசட்4இல் ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட். இதைத் தள்ளிப்போடாதீர்கள். கசியும் ஆயில் பெல்ட்டின் மேல் விழும். ஊறிய பெல்ட் கழன்று, கிராங்க் சீல் வழியாக என்ஜினுக்குள் நுழைந்த சம்பவங்கள் உண்டு. டர்போ உள்ள எந்தக் காரிலும் டர்போவுக்கு ஆயில் கொண்டுபோகும், திருப்பிக் கொண்டுவரும் பைப்புகளின் இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள், ஆறிய பிறகு.

கூலன்ட் கசிவுக்கும் இதே தேடல்தான். கூடுதலாக ஒரு கருவி: ரேடியேட்டர் மூடிக்குப் பதிலாக மாட்டி, கையால் பம்ப் அடிக்கும் அழுத்தமானி. மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை மட்டும் ஏற்றி, கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். முள் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. சூடான என்ஜினில் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்கள் ஏராளம், ஆறவிட்டுத்தான் தொட வேண்டும். பாக்ஸ்டரில் கூலன்ட் தொட்டி பின் டிக்கியில் இருக்கிறது. அது விரிசல் விடுவது வழக்கம். டிக்கிக் கம்பளம் ஈரமாக, இனிப்பு வாடையோடு இருந்தால் அதுதான். அதே காரில் முன் பம்பருக்குள் இருக்கும் இரண்டு ரேடியேட்டர்களிலும் சருகு அடைந்து மட்கியிருக்கும், அதையும் எடுத்துவிடுங்கள்.

கிளட்ச்: சந்தேகம் இருந்தால் இரண்டு முறை, மூன்றாவது வேண்டாம்

காலியான ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியர் போட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதியுங்கள். நல்ல கிளட்ச் என்றால் என்ஜின் முனகிக்கொண்டு மெதுவாக வேகம் பிடிக்கும். ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி ஏறி, வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் வழுக்குகிறது. சோதனையே கிளட்ச்சைத் தின்னும் என்பதால் இரண்டு முறைக்கு மேல் செய்யாதீர்கள்.

வழுக்குகிறது என்றதும் பிளேட் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். பல கார்களில் பெல் ஹவுசிங்கின் அடியில் சின்ன ஓட்டை இருக்கும். அதில் விரல் வைத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் இருந்து, காந்தல் வாடை என்றால் கிராங்க் பின் சீல், இந்தத் தடவை உண்மையாகவே. முட்டை வாடை என்றால் கியர்பாக்ஸின் முன் சீல். சீலை விட்டுவிட்டு பிளேட்டை மட்டும் மாற்றினால், புது பிளேட்டும் ஊறிப்போகும். மலையேற்றத்தில் நின்று கிளம்பும்போது மட்டும், எப்போதாவது வாடை வந்து, இந்தச் சோதனையிலும் தேறினால், கோளாறு பெரும்பாலும் ஓட்டுகிற காலில் இருக்கிறது.

ஒயரிங்

பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஒயரிங்கை நான் எப்போதும் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பேன். காரணம் அந்தக் காரைச் செய்தவர்களில்லை, அதன் முந்தைய காதலர்கள். ஆம்ப்ளிஃபயர், கூடுதல் விளக்கு, அலாரம், பெட்ரோல் பம்ப் என்று ஆளாளுக்கு ஒரு ஒயரை ஒட்டியிருப்பார்கள். ஃபியூஸ் பெட்டி மூடியில் எந்த இடத்துக்கு எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். 10 ஆம்பியர் இடத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸ் உட்கார்ந்திருந்தால், யாரோ அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று "சரிசெய்து" வைத்திருக்கிறார். இனி ஃபியூஸ் எரியாது, ஒயர்தான் எரியும்.

மல்டிமீட்டரைப் பேட்டரியில் வையுங்கள். நின்ற நிலையில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், ஓடும்போது பெரும்பாலும் 13.8 முதல் 14.7க்குள். 15ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் போய்விட்டது; பேட்டரி கொதித்து முட்டை வாடை விடும். எம்எக்ஸ்-5இன் முதல் இரண்டு தலைமுறைகளில் பேட்டரி டிக்கிக்குள் இருக்கிறது. அதன் வாயு வெளியேற தனிக் குழாய் உண்டு. விலை குறைவு என்று சாதாரண பேட்டரியைக் குழாயில்லாமல் மாட்டியிருந்தால் டிக்கி முழுக்க அமில வாடைதான், துருவும் இலவசம். ஹீட்டர் ஃபேன் கடைசி வேகத்தில் மட்டும் ஓடி, கருகல் வாடையும் வந்தால் அதன் ரெசிஸ்டரைப் பாருங்கள்.

ஒன்றுமில்லாத வாடைகள்

சைலன்சர் பைப்பில் ஒட்டி உருகிய பிளாஸ்டிக் பை. எக்ஸாஸ்ட் புதிதாக மாட்டியதும் அதன் மேல்பூச்சு எரிவது. ஆயில் மாற்றும்போது சிந்தியது. இவை மூன்றும் கொஞ்ச நாளில் தானாகப் போய்விடும், பையை மட்டும் ஆறியதும் மரக்குச்சியால் சுரண்டலாம். எலிக்கூடு அப்படியில்லை. பஞ்சும் சருகுமாக எக்ஸாஸ்ட் பக்கத்தில் கூடு இருந்தால் தீப்பிடிக்கும், ஒயரையும் கடித்திருக்கும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சாதாரணமாகவே 400 முதல் 800 டிகிரியில் வேலை செய்கிறது. தாழ்வான காரைக் காய்ந்த புல்லின் மேல் நிறுத்தக்கூடாது என்பது அதனால்தான்.

இன்னும் வாங்கவில்லை என்றால்

பார்க்கப் போகும்போது என்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தால் காரணம் கேளுங்கள். முடிந்தால் ஆறிய என்ஜினைப் பார்க்க இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். எண்ணெய்ப் பசையில்லாமல் பளிச்சென்று கழுவிய என்ஜின் எனக்கு சந்தோஷம் தராது, கழுவி எத்தனை நாள் ஆயிற்று என்றுதான் கேட்பேன். இங்கிலாந்தில் பதிவெண்ணைப் போட்டால் அந்தக் காரின் வருடாந்திர எம்ஓடி சோதனை வரலாறு அரசுத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மூன்று வருடமாக ஆயில் கசிவு என்று எழுதியிருந்து, இந்த வருடம் மட்டும் காணோம் என்றால், எதை மாற்றினார்கள் என்று பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் கசிவு மறைந்தது துடைத்ததால் இருக்கலாம்.

சரிசெய்த பிறகும் வாடை வந்தால்

என் கதை இதுதான். ஒரு பழைய இரண்டு இருக்கைக் கார். டேப்பட் கவர் கேஸ்கெட் கசிவு என்று ஒரு பட்டறையில் மாற்றிக் கொடுத்தார்கள். நான்கு நாள் கழித்து அதே காந்தல் வாடை. திரும்பக் கொண்டுபோனேன், பின் சீலாக இருக்கும், கியர்பாக்ஸை இறக்கணும் என்றார்கள். மனசு ஒப்பவில்லை. வீட்டுக்கு வந்து கழுவி, பவுடர் தூவி, இரண்டு நாள் ஓட்டினேன். பவுடர் மாவு மாதிரி அப்படியே வெள்ளையாக இருந்தது. ஆனால் வாடை போகவில்லை, அதுவும் நீண்ட தூரம் ஓட்டி நின்ற பிறகு மட்டும்.

காரைத் தூக்கி, அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கழற்றினேன். பன்னிரண்டு போல்ட், அதில் மூன்று ஏற்கெனவே காணோம். தட்டின் உள்பக்கம் சத்தத்தைக் குறைக்க ஒட்டியிருந்த கம்பளி, பல மாதமாகச் சொட்டிய ஆயிலைக் குடித்து கனத்துப் போயிருந்தது. பிழிந்தால் சொட்டியது. பைப் சூடானதும் அது வெந்துகொண்டிருந்திருக்கிறது. கம்பளியைப் பிய்த்து எறிந்து, தட்டைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவி மாட்டினேன். அட்டையை மறுபடி விரித்தேன், அதே ரோட்டில் அதே தூரம் ஓட்டினேன், சிக்னலில் கண்ணாடியை இறக்கிவிட்டு மூச்சை இழுத்துப் பார்த்தேன். பக்கத்து பஸ்ஸின் டீசல் வாடைதான் வந்தது.